ஓய்வுக்காலப் பிரயாணமும் ஒரு கைப்பேசியின் விலையும்

நாற்பது ஆண்டுக் காலம் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, இனியாவது காசி, ராமேசுவரம், திருப்பதி என்று நாலு ஊர் பார்த்துவிட்டு வருவோம் என்று தீர்மானிக்கும் தறுவாயில், நல்லம்பள்ளி போன்ற ஊர்களில் இன்று அவர்கள் முன் வந்து நிற்கும் முதல் விசாரம் ரயில் கட்டணத்தைப் பற்றியதுமன்று, சத்திரத்து வாடகையைப் பற்றியதுமன்று. ‘டச் போன் ஒன்று வாங்கத்தான் வேண்டுமா, கையில் இருக்கும் பட்டன் போனே போதாதா?’ என்பதுதான். இதை அற்பக் கேள்வி என்று இளைய தலைமுறையினர் தள்ளிவிடலாம். ஆனால் மாதாமாதம் எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்கு, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரே நாளில் கையைவிட்டுப் போகும் எந்தச் செலவும் அற்பமானதன்று. அதனை நிதானமாகவும் நியாயமாகவும் ஆராய்ந்து பார்ப்பது அவசியம் என்றே கருதுகிறோம்.

சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து தருமபுரியை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், அதியமான்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே அமைந்திருக்கும் நல்லம்பள்ளி, செவ்வாய்க்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையால் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற ஊர். வானம் பார்த்த பூமியாதலால், இங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போய்விட, பள்ளிக்கூட உபாத்தியாயராகவோ, பஸ் கண்டக்டராகவோ, தபால் இலாகாவிலோ உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஊரோடு தங்கிவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பெங்களூருக்குப் போய்வருவதே அவர்களுக்கு ஒரு பிரயாணம். பக்கத்துச் சிவாடியில் பாசஞ்சர் வண்டி பிடிக்கலாம். பத்துக் கிலோமீட்டர் அளவில் தருமபுரி நிலையத்துக்குப் போனால் மைசூர்–தூத்துக்குடி வண்டியும், எர்ணாகுளம் இன்டர்சிட்டியும், பம்பாய்க்குப் போகும் குர்லா எக்ஸ்பிரஸும், 2023 டிசம்பர் 30-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட கோவை–பெங்களூர் வந்தே பாரத்தும் உண்டு. போக்குவரத்து வசதியில் குறையில்லை. அந்த வசதியை எந்த வாசல் வழியாகப் பெறுவது என்பதில்தான் காலம் மாறிவிட்டது.

செலவுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நாலு வருஷம் தாங்கக்கூடிய ஒரு சாதாரண டச் போன் 11,000 ரூபாய் என்று கொண்டால், வருஷத்துக்கு 2,750 ரூபாய் ஆகிறது. ரீசார்ஜ் என்பது மாதத்துக்கு ஒருமுறை என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும், 28 நாள் கணக்கில் வருஷத்துக்குப் பதின்மூன்று முறை போட வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்திய பிறகு, இணையத்தோடு கூடிய ரீசார்ஜ் ஒன்றுக்கு 200 ரூபாயை ஒட்டி ஆவதால், இது வருஷத்துக்கு 2,600 ரூபாய். இரண்டையும் கூட்டி 5,350 என்று சொல்லிப் பயமுறுத்துவது சரியான கணக்காகாது. ஏனெனில் பட்டன் போனுக்கும் ரீசார்ஜ் உண்டு. இணையமே வேண்டாதவர்கள் இணையத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருந்த அநியாயத்தைக் கருதி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜைத் தனியே அளிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதி செய்தது. அதன்படி வந்த ஓராண்டுத் திட்டங்கள் 1,800 ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. ஆகவே பட்டன் போனை விட்டு டச் போனுக்கு மாறுகிறவர் உண்மையில் கூடுதலாகச் செலவிடுவது வருஷத்துக்கு 3,500 ரூபாய் சுமார், அதாவது மாதத்துக்கு முந்நூறு ரூபாய்க்குச் சற்று உள்ளே.

இந்த முந்நூறு ரூபாய் எல்லோருக்கும் ஒரே முந்நூறு ரூபாயன்று. அரசு ஓய்வூதியம் வாங்கும் உபாத்தியாயருக்கு அது பொருட்டில்லை. தொழிலாளர் வருங்கால வைப்புநிதியின் கீழ் 2014 செப்டம்பர் முதல் நிர்ணயிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாயை வாங்குகிறவருக்கோ, தமிழக அரசு 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாயாக உயர்த்திக் கொடுக்கும் முதியோர் உதவித்தொகையை நம்பியிருக்கும் பாட்டிக்கோ அது வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்கோ அதற்கு மேலோ ஆகும். அத்தகையவர்களுக்கு ‘வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று உபதேசம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. டவுன் பஸ்ஸில் கட்டணமின்றிப் போய்வரும் மூதாட்டிக்கு அந்தப் பிரயாணத்துக்குக் கைப்பேசி எதுவும் வேண்டியதில்லை. அரசு தரும் வசதிகளில் இவ்வளவு நேராக ஏழையின் கையில் சேர்வது வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

பட்டன் போனை இளக்காரமாக நினைப்பதும் தவறு. 108-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. 112-க்கு அழைத்தால் போலீஸ் வருகிறது. முதியோர்க்கென்றே 14567 என்ற உதவி எண் இருக்கிறது. ரயில்வேயின் 139-க்கு, டிக்கெட்டில் உள்ள பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் இடம் உறுதியாயிற்றா என்ற பதில் வந்துவிடும். வண்டி எங்கே வருகிறது என்பதையும், பெட்டியில் ஏதேனும் தொந்தரவு என்றால் புகாரையும் அதே எண்ணில் பேசியே முடித்துக்கொள்ளலாம். பணம் அனுப்புவதற்குக்கூட, ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் பட்டன் போன்களுக்கென்று ‘யுபிஐ 123பே’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. ஊரில் இவற்றைப் பிறருக்கு எடுத்துச் சொல்வார் இல்லாததால், இருக்கிற வசதி தெரியாமலே பலரும் புதுச் சாதனத்துக்குப் பணம் கட்டுகிறார்கள்.

அப்படியானால் டச் போன் எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை காண, பிரயாணி ஒருவனுக்கு வேண்டிய சாதனங்கள் முன்பு யாரிடம் இருந்தன என்பதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து 1940-ல் அதனை வெளியிட்ட ஏ.கே. செட்டியாரின் காலத்தில், தபாலாபீசும் தந்தியாபீசும் கப்பல் கம்பெனிக் காரியாலயமுமே பிரயாணிக்குத் துணை. பின்னர் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இவையெல்லாம் பொதுவிடத்தில் இருந்தன. வேண்டியபோது வேண்டிய அளவுக்குக் காசு கொடுத்து உபயோகித்துவிட்டு நடையைக் கட்டலாம். தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றது. பூத்துகள் தாமே மறைந்தன. ரயில் பெட்டியின் கதவருகே பசை தடவி ஒட்டிய பெயர்ப்பட்டியலும் 2018-க்குப் பின் படிப்படியாக இல்லாமற்போயிற்று. பொதுவிலிருந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, அவை அனைத்தையும் ஒவ்வொரு பிரயாணியும் தன் சொந்தச் செலவில் வாங்கித் தன் சட்டைப் பையில் சுமந்துகொண்டு போகவேண்டிய நிலை ஏற்பட்டுவிட்டது. ஆகவே டச் போனின் விலையை ஒரு பொருளின் விலையாக எண்ணாமல், பிரயாணச் செலவின் ஒரு பகுதியாக, வண்டிச் சத்தத்தைப்போல எண்ணுவதே பொருத்தம். வருஷத்துக்கு நாலு நீண்ட பிரயாணம் போகிறவருக்கு ஒவ்வொன்றின் தலையிலும் 875 ரூபாய் ஏறுகிறது; ஒரே ஒரு முறை போகிறவருக்கு முழுதாக 3,500 ரூபாயும் அந்த ஒன்றின் தலையில் விழுகிறது. வாங்கலாமா கூடாதா என்பதை விளம்பரங்களைக் காட்டிலும் இந்த வகுத்தல் கணக்கு நன்றாகச் சொல்லும்.

ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைப்பது, முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். அறுபது வயது கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயது கடந்த பெண்களுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ்ப் படுக்கைகள் தனியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஒதுக்கீட்டில் பதிவு செய்ய வேண்டுமானால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்க வேண்டும். இது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. “எதுக்குப்பா உங்களுக்கு வீண் செலவு? டிக்கெட் நானே போட்டுத் தர்றேன்” என்று பெங்களூரிலிருந்து மகன் சொல்கிறான், அன்போடுதான் சொல்கிறான், தாய் தந்தையரோடு தன் மனைவி குழந்தைகளையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துப் போட்டுவிடுகிறான், ஒதுக்கீடு கைநழுவிப்போக, அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் நடுப் படுக்கைக்கு ஏற வேண்டிவருகிறது. அவரே தம் கைப்பேசியைத் திறந்து, ஒதுக்கீடு என்ற கட்டத்தைத் தொட்டு, விரியும் பட்டியலில் மூத்த குடிமக்களுக்கான வரியைத் தேர்ந்தெடுத்து, தம் பெயரையும் மனைவியின் பெயரையும் மட்டும் எழுதி, ‘கீழ்ப் படுக்கை ஒன்றேனும் கிடைத்தால் மட்டும் பதிவு செய்க’ என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த ஒரு காரியத்தில் அவர் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருப்பதால், காலை எட்டு மணிக்குத் திறக்கும் பதிவுக்கு நல்லம்பள்ளியிலிருந்து பஸ் ஏறித் தருமபுரிச் சாளரத்தில் போய் நிற்பதைவிடத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பதிவது மெய்யான அனுகூலம். ஆனால் இணையத்தில் தட்கால் டிக்கெட் எடுக்க 2025 ஜூலை முதல் ஆதாரோடு இணைத்த கணக்கு வேண்டும். பிரயாண அவசரத்தில் இதைச் செய்துகொண்டிருக்க முடியாதாகையால், போன் வாங்கிய வாரத்திலேயே முடித்துவைப்பது நலம்.

திருப்பதி யாத்திரையில் இந்த மாற்றம் இன்னும் கடுமையாகத் தெரிகிறது. அறுபத்தைந்து வயது கடந்தோருக்கான இலவசத் தரிசன ஒதுக்கீடு, மூன்று மாதத்துக்கு முன்பாகவே மாதத்தில் ஒரு குறித்த நாளில் தேவஸ்தானத்தின் இணையத்தில் திறக்கப்பட்டு விரைவில் தீர்ந்துவிடுகிறது. யாருக்காக அந்தச் சலுகை ஏற்பட்டதோ அவர்களிலேயே கைப்பேசி பழகாதவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள் என்பதை நினைக்க மனம் வருந்துகிறது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் காரில் போகிறவர்கள் 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை என்பது பெரியவர்களுக்கு ஓர் ஆறுதல். யாத்திரை போகிறவர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய மற்றொன்று: மதுரையிலும் திருச்செந்தூரிலும் திருமலையிலும் கைப்பேசியைச் சந்நிதிக்குள் கொண்டுபோக முடியாது. 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்கள் அனைத்துக்குமே அந்தத் தடையை உயர் நீதிமன்றம் விதித்தது. வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போகும் பெரியவர்கள், தங்கும் விடுதியின் பெயரையும் மகன் அல்லது மகளின் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். எண்கள் யாவும் போனுக்குள்ளேயே இருக்குமானால், கூட்டத்தில் பிரிந்துவிட்ட மனைவி எவரிடம் என்ன எண்ணைச் சொல்லிக் கணவரைத் தேடுவார்?

மத்திய அரசின் ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம் கட்டுப்பட்ட மாதமாக இருந்து வந்தது. உயிரோடிருப்பதற்கான சான்றை அம்மாதத்தில் கொடுத்தாக வேண்டுமாதலால், வடக்கே வெயில் தணிந்து பிரயாணத்துக்கு உகந்ததாக இருக்கும் அந்த நாட்களில் ஊரைவிட்டு அசைய யோசித்தார்கள். 2014 நவம்பர் 10-ல் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ திட்டம் விரல் ரேகையைக் கொண்டு இதை எளிதாக்கிற்று. ஆயினும் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களின் ரேகை கருவியில் பதியாமல் பலர் திரும்பி வர நேர்ந்தது. 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டே சான்றளிக்கும் முறை வந்த பின், கைப்பேசியின் முன் வெளிச்சமுள்ள இடத்தில் அமர்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணிமைத்தால் போதும். ராமேசுவரத்தில் இருந்தாலும் காசியில் இருந்தாலும் சான்று போய்ச் சேர்ந்துவிடும். ஊர் சுற்ற விரும்பும் ஓய்வூதியருக்கு டச் போன் செய்துதரும் காரியங்களில் இதனையே மிகச் சிறந்ததாக நாம் மதிக்கிறோம். ஒரு மாதத்துச் சுதந்திரத்தை அது திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஊரிலேயே இருப்பவருக்கு இதற்காகப் போன் வாங்க வேண்டிய அவசியமில்லை. தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் இதைச் செய்து கொடுக்கிறார்.

மொழி தெரியாத ஊரில் உதவி வேண்டும் என்பது மற்றொரு நியாயம். காசியில் 1863 முதல் இயங்கிவரும் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்துக்குப் போய்விட்டால் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் ரயிலடியிலிருந்து சத்திரம் வரைக்கும் உள்ள சந்துகளில்தான் சிக்கல். அறிவிப்புப் பலகையின் மேல் கைப்பேசியின் கேமராவைப் பிடித்தால் இந்தி எழுத்துகள் தமிழாக மாறித் திரையில் தெரிவதும், வரைபடத்தைப் புறப்படுமுன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் கிடைக்காத சந்திலும் அது வழிகாட்டுவதும், தன்னந்தனியாகப் போகும் தம்பதிக்கு மனோதைரியம் தருவன. குழுவாகப் போகிறவர்களுக்கு இவையெல்லாம் வேண்டியதில்லை. அறநிலையத் துறை 2022–23-ல் 200 பேரோடு தொடங்கி, அறுபது முதல் எழுபது வயதுடையோரை ராமேசுவரத்திலிருந்து காசிக்கு அழைத்துப்போகும் ஆன்மிகப் பயணத்திலும், ஊரார் சேர்ந்து சமையல்காரரோடு அமர்த்திக்கொள்ளும் டூரிஸ்ட் பஸ்ஸிலும், யோசிக்க வேண்டியதையெல்லாம் உடன் வருவோர் யோசித்துவிடுகிறார்கள். அப்படிப் போகிறவருக்குப் பட்டன் போனே தாராளம்.

இவ்வளவு அனுகூலங்களுக்கும் எதிரே ஒரு பெரிய அபாயம் உண்டு. போலீஸ் உடையணிந்து வீடியோவில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ செய்துவிட்டதாக மிரட்டி, வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கும் கூட்டம் முதியவர்களைக் குறிவைக்கிறது. அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை என்பதை 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் பிரதமரே எடுத்துச் சொல்ல நேர்ந்தது. ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியின் புகாரைக் கண்டு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பயந்து போனையே ஒதுக்கிவிடுவதற்குப் பதிலாக, ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கைப் போனோடு இணைக்காமல், பிரயாணத்துக்கு வேண்டிய சில ஆயிரங்களை மட்டும் வேறொரு சிறு கணக்கில் போட்டு அதனை இணைப்பது விவேகம். 2024-ல் வந்த ‘யுபிஐ சர்க்கிள்’ என்ற ஏற்பாட்டில், மகனோ மகளோ தம் கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய் வரையில் பெற்றோர் செலவிட அனுமதி தரலாம். பெற்றோரின் கணக்கு அதில் சம்பந்தப்படுவதேயில்லை. பணம் பறிபோனது தெரிந்தால், வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டிராமல் அந்தக் கணமே 1930-க்கு அழைக்க வேண்டும்; முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை இடையிலேயே முடக்கிவைக்க இயலும்.

பிள்ளைகள் தாம் உபயோகித்துத் தேய்ந்த போனைப் பெற்றோருக்குக் கொடுப்பது இப்பக்கத்து வழக்கம். செலவில்லை என்பது மெய்யே. ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய போனில் வங்கிச் செயலிகள் ஓடாமலோ, ஓடினாலும் பத்திரமில்லாமலோ இருக்கும். பாட்டரி பாதி வழியில் நின்றுவிடும். டிக்கெட்டும் அதற்குள்ளேயே இருந்தால் பரிசோதகர் முன் தவிக்க வேண்டியதுதான். அதைவிட விலை குறைந்த புதிய போன் மேல். எழுத்தைப் பெரிதாக்கி, தமிழை மொழியாக அமைத்து, தேவையற்ற செயலிகளை நீக்கி, பதிவு செய்வது, வழி பார்ப்பது, வீடியோவில் பேசுவது ஆகிய மூன்றை மட்டும் பெரியவர் தம் கையாலேயே பலமுறை செய்து பழகும்வரை உடனிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். “இங்க கொடுங்க, நான் பண்றேன்” என்று பிடுங்கிக்கொள்ளும் பேரன் அன்றைய காரியத்தை முடித்துக்கொடுக்கிறான். அடுத்த பிரயாணத்தில் தாத்தா மறுபடியும் அவனையே எதிர்பார்க்க வேண்டியிருக்கும். பழகாமல் வாங்கிய போனுக்கு 3,500 ரூபாய் வீண் செலவே. வருஷத்தில் ஒன்றிரண்டு முறையே வெளியூர் போகிறவர்கள், மற்ற மாதங்களைப் பேச்சுக்கு மட்டுமான ரீசார்ஜில் கழித்து, புறப்படும் மாதத்துக்கு மட்டும் இணையத்தோடு கூடியதைப் போட்டுக்கொள்ளலாம்; ஒன்றின் கெடு முடியும் நாளில் மற்றொன்று தொடங்குமாறு கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதும் ஒன்றிருக்கிறது. 2020 மார்ச் 20 வரையில் ரயில் கட்டணத்தில் அறுபது வயது ஆண்களுக்கு நூற்றுக்கு நாற்பதும், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு நூற்றுக்கு ஐம்பதும் தள்ளுபடி இருந்தது. பெருந்தொற்றை முன்னிட்டு நிறுத்திய அந்தச் சலுகை, தொற்று ஓய்ந்து வண்டிகள் யாவும் பழையபடி ஓடத் தொடங்கிய பின்னும் திரும்பி வரவில்லை. ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க் கட்டணமுள்ள ஓர் ஊருக்குக் கணவனும் மனைவியும் போய்வருவதாக வைத்துக்கொண்டால், முன்பு அவர்களுக்கு மிஞ்சியிருக்கக்கூடியது 1,800 ரூபாய். வருஷத்தில் இரண்டு முறை போனால் 3,600 ரூபாய். டச் போனுக்கு ஆகும் கூடுதல் செலவு முழுவதும் அதிலேயே அடைபட்டுவிடும். அந்தச் சலுகையைத் திரும்ப அளிக்க வேண்டும். அதுவரையிலுமாவது தருமபுரி நிலையத்து முன்பதிவுச் சாளரம் குறையாத நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும். திருமலையிலும் முதியோருக்கான தரிசனத்தில் ஒரு பகுதியைத் தேவஸ்தானம் நேரில் வந்து நிற்போருக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும்.